கிளட்ச் கால்

எண்ணூர் விரைவுச்சாலையில்
பதினேழு மணி நேரமாக நிற்கிறது டிரெய்லர்.
முன்னால் நாற்பதடிப் பெட்டி,
பின்னால் நாற்பதடிப் பெட்டி,
நடுவில் நானும் ஒரு அட்டை மெட்ஃபார்மினும்.
ஜீரோ கேட் இன்னும் மூன்று கிலோமீட்டர்.

வலியே இல்லை.
அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
பனியன் நனைந்தது. டீ கசந்தது.
கேபினுக்கு மூன்று படி;
இரண்டாவதில் மூச்சு இறங்கிப் போய்விட்டது.
"சர்க்கரைக்காரங்களுக்கு இதயம் கத்தாதுங்க" என்றார்
ஸ்டான்லியில் டாக்டர் நஸ்ரின்.
"நரம்பு மரத்துப் போயிருக்கும்."
பன்னிரண்டு வருஷமாக
ஹாரன் இல்லாத வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

படத்தில் மூன்று கிளையும் அடைத்திருந்தது.
"பைபாஸ் பண்ணணும்."
எனக்குத் தெரிந்த பைபாஸ்
மாதவரம் தாண்டிப் புழல் பக்கம் திரும்பும்.
அதற்கும் டோல் உண்டு.

தண்டையார்பேட்டையில், ஏசி குளிரில், வேறொருவர்
மூன்று ஸ்டென்ட் போதும் என்றார்.
மணிக்கட்டில் ஒரு ஓட்டை. ரெண்டு நாள்.
பத்தாம் நாள் ஸ்டியரிங்.
நெஞ்சைப் பிளக்காமல் முடியும் காரியம்
கேட்பதற்கு எவ்வளவு அழகாய் இருக்கிறது!
ஏகவல்லி கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
வண்டி டியூ நாற்பத்தோராயிரம்.
தேதி ஏழு.

சூசைமாணிக்கத்துக்கு ரெண்டு ஸ்டென்ட்.
எட்டாம் நாள் லோடு எடுத்தான்,
ஷெட் முழுக்க பிரியாணி வாங்கிக் கொடுத்தான்.
பதினான்காம் மாதம், கத்திவாக்கம் வளைவில்,
ஓரம் கட்டி நின்றது வண்டி.
டீசல் தீரும்வரை
யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை.
கிளீனர் பயலின் மாமாவுக்கு பைபாஸ்.
நெஞ்சு ஆறிவிட்டது; காலில் தையல் போட்ட இடம்
நாலு மாதம் ஈரமாகவே இருந்தது.
இப்போது கால்வாய் ஓரம் தினம் நடக்கிறார்,
டாக்டரைத் திட்டிக்கொண்டே.

மறுபடி ஸ்டான்லி. சண்டைக்குத்தான் போனேன்.
"பள்ளத்த மூடுனா வண்டி போவும்ல?"
அவர் சிரிக்கவில்லை.
"மணலி ரோட்ல ஓட்றவரு நீங்க.
ஒண்ண மூடுனா அடுத்த மழைக்கு
பத்தடி தள்ளி இன்னொண்ணு வருதா இல்லையா?
சர்க்கரை ரோடு முழுக்க அரிக்குது.
பள்ளத்தையெல்லாம் தாண்டிக் கொண்டுபோய்
ரத்தத்த இறக்கணும்."
பிறகு ஸ்கேல் ஒன்றைத் திருப்பிக்கொண்டே:
"ஆபரேஷன்ல மொதல்ல ஆபத்து ஜாஸ்தி.
பக்கவாதம் வர்றதும் கொஞ்சம் ஜாஸ்தி. மறைக்கல.
அஞ்சு வருஷம் கழிச்சு
யார் யார் வீட்ல இருக்காங்கன்னு எண்ணிப் பாத்தா
உங்க மாதிரி ஆளுங்கள்ல
இந்தப் பக்கம்தான் அதிகம்."

அஞ்சு வருஷம்.
ஒரு வண்டி லோனின் நீளம்.

நெஞ்சுக்குள்ளேயே ஒரு குழாயை எடுத்துத் திருப்புவார்களாம்.
மிச்சத்துக்குக் காலில் இருந்து.
"எந்தக் காலு?"
"எது நல்லா இருக்கோ அது."
"இடது கிளட்ச்சு டாக்டர். வலது பிரேக்கு."
அவர் பேனாவை மூடினார்.
மூணு மாசத்துக்கு ரெண்டுக்குமே
வேலை இல்லை என்றார்.

ஒப்புதல் தாளில் ஏகவல்லி கையெழுத்து.
'ஏ' மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம்
கோட்டுக்குள் அடங்கி.
காதில் கம்மல் இல்லை, ஈர்க்குச்சி.
நான் கேட்கவில்லை.
அவளும் காப்பீட்டு அட்டையை
உறைக்குள் திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி வந்து சவரம் செய்துவிட்டுப் போனார்கள்.
இடது காலில், கணுக்காலில் தொடங்கி
நீல மையில் ஒரு கோடு.
பக்கத்துப் படுக்கையில் ரயில்வே ஆள்,
தூக்கத்தில் ஏதோ ஸ்டேஷன் பெயர் சொல்கிறார்.
பழைய ஜெயில் ரோட்டில்
ஹார்பரைப் பார்த்து ஒரு டிரெய்லர் ஊர்ந்து
ஏர் பிரேக் விட்டது.
போர்வைக்குள்
என்னைக் கேட்காமல்
இடது கால் அழுத்தியது.